மேசையில் விட்டுப்போன பான்கேக்

சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு காலை, முட்டையும் பாலும் கலந்து பான்கேக் சுட்டேன். மீந்த நாலைச் சூட்டோடு டப்பாவில் மூடி, மேசையிலேயே விட்டுவிட்டு நோணாங்குப்பத்துக்குப் படகு சவாரி போய்விட்டோம். மாலை திரும்பியதும் என் கணவர் அவற்றை லேசாகச் சுடவைத்துச் சாப்பிட்டார். விடிவதற்குள் வாந்தி. மறுநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது.

இப்போதெல்லாம் மீந்ததை ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். மறுநாள் தோசைக்கல்லில் ஆவி பறக்கச் சூடாக்கித்தான் கொடுக்கிறேன். போன வாரம் மறந்துபோய் வெளியே வைத்ததைக் குப்பையில் கொட்டினேன்.

"நல்லாதான இருக்கு, இதப் போய் கொட்டறியே?" என்றார் மாமியார்.

"கெட்டது பாத்தா தெரியாது அத்த. நீங்க திட்டினாலும் கொட்டத்தான் செய்வேன்."

இரண்டு நாள் மாமியார் என்னோடு பேசவில்லை. நானும் சமாதானம் செய்யப் போகவில்லை.