எல்லைக்கல்லும் சாயத்தண்ணீரும்

ஏரியில் கெண்டை மீன்கள் செத்து மிதக்கின்றன என்று செய்தி வந்தபோது நான் பொதுப்பணித் துறையில் ஓவர்சியர். பிரெஞ்சுக்காரர்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுச்சேரிக்கு மேற்கே இருந்த அந்த ஏரிக்கு சைக்கிளில் போனேன். கரையில் அஞ்சலை நின்றிருந்தாள். ஏரி மீனைப் பெரிய மார்க்கெட்டில் விற்றுப் பிழைப்பவள். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் ஆபீஸ்காரர் யாரானாலும் அவளுக்கு 'முசே'தான்.

"மோந்து பாருங்க முசே, மீனா இது? ஒரே சாய நாத்தம். மார்க்கெட்ல என் கூடைகிட்டயே யாரும் வர மாட்டேங்கறாங்க. இப்டியே போனா நாங்க இன்னாத்த திங்கறது?"

வரத்து வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் நட்ட பழைய எல்லைக்கல்லைத் தாண்டி, சென்னை ராஜ்யத்துப் பக்கம், ஒரு சாயப்பட்டறை. தொட்டிக் கழிவை நேராக வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தார்கள், பட்டப்பகலில்.

எங்கள் இன்ஜினீயரிடம் சொன்னேன். "கல்லுக்கு அந்தாண்ட மெட்ராஸ் கவர்மென்ட்டுய்யா. நமக்கு ஜூரிஸ்டிக்ஷன் இல்ல" என்றார். அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கும் போனேன். அங்கிருந்த அதிகாரி சிரித்தார்.

"சாயம் எங்க ஊர்ல நிக்கலையே. உங்க ஏரியிலதான நிக்குது? நீங்களே பாத்துக்குங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுங்கச் சாவடியைத் தூக்கி, கொடியை மாற்றி, இனி எல்லாம் ஒரே நாடு என்று மேடைபோட்டுப் பேசியவர்கள் இவர்கள்தான். நாறுகிற தண்ணீர் என்றதும் எல்லை மறுபடி முளைத்துவிட்டது! இரண்டு அலுவலகத்துக்கும் மாறி மாறி அலைந்து மாதங்கள் போயின.

மழைக்கு முன்னால் ஏரிப் பாசனக்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து வாய்க்காலைத் தூர் வாருவது வழக்கம். பிரெஞ்சு காலத்தில் மண்வெட்டியோடு கல்லைத் தாண்டினால் சுங்கக் காவலர்கள் பிடிப்பார்கள். அதனால் கல் வரைக்கும்தான் வாருவார்கள். காவலர்கள் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வாரிய சேற்றைக் கரையில் போடுவார்கள். அந்த வருஷம் கரையில் போடவில்லை. கல்லுக்கு நேராக, வாய்க்காலுக்குக் குறுக்கே கொட்டி மிதித்து அணையாக்கிவிட்டார்கள். மேற்பார்வைக்கு நான்தான் நின்றிருந்தேன். தடுக்கவில்லை. இன்றைக்கென்றாலும் தடுக்க மாட்டேன்.

சில நாளில் சாயத்தண்ணீர் எதிர்த்துக்கொண்டு பட்டறைக்குள்ளேயே புகுந்தது. உடனே ஜீப்புகள் பறந்து வந்தன. மீன் செத்தபோது எட்டிப் பார்க்காத இரண்டு அதிகாரிகளும் ஒன்றாக இறங்கினார்கள். பட்டறை முதலாளி, "நூலெல்லாம் பாழாப்போச்சு சார்!" என்று குதித்தார்.

"வெட்டி விடுய்யா!" என்று எங்கள் இன்ஜினீயர் என்மேல் பாய்ந்தார். அதற்குள் அஞ்சலை ஏறி அணைமேல் உட்கார்ந்துவிட்டாள். கூடவே நாலைந்து பெண்கள்.

"கழிவுக்குக் குழி வெட்டச் சொல்லுங்க. அப்பறம் எழுந்துக்கறோம்."

பட்டறைக்குப் பின்னால் தரிசு சும்மாதான் கிடந்தது. அந்த வாரமே குழி வெட்டிவிட்டார்கள். இவ்வளவுதான் வேலை! இதற்காகவா அத்தனை மாதம்? பெண்கள் எழுந்துகொண்டார்கள்; அணையை வெட்டி விட்டோம்.

அணையைத் தடுக்காததற்காக எனக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. அதைப் பற்றி வருத்தமில்லை. அடுத்த மழைக்குப் பிறகு ஏரியில் மீன் மறுபடி துள்ளியதாகச் சொன்னார்கள். அஞ்சலை அதைப் பிடிக்க அங்கே இல்லை. மீன் திரும்புவதற்கு முன்பே, பிழைப்பில்லாமல் பிள்ளைகளோடு ஊரை விட்டே போய்விட்டாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அதுவரைக்கும் நடந்து போய்ப் பாருங்கள். "நம்ம எல்லை இல்ல" என்று யார் சொன்னாலும் திரும்பி வராதீர்கள். நாங்கள் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு அலைந்த மாதங்களில்தான் அஞ்சலை வீட்டில் அடுப்பு எரியாமல் போனது.