வெண்டிக்காயும் சீவாளியும்

ஓபோக் குழல் ஊதப் பழகுவதில் பாதி வேலை, அதன் வாயில் செருகும் சீவாளியைப் பார்த்து எடுப்பது. மீதிப் பாதி, எடுத்ததற்காக வெட்கப்படுவது. தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஏதாவது வாத்தியத்தைக் கையில் எடுத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

சின்ன வயதிலிருந்து கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலில், பாடகர் மாடத்தில் பாடி வந்தவள் நான். நெருப்புக்காய்ச்சல் வந்து குரல் போய்விட்டது. கீழே சனங்களோடு வாங்குப் பலகையில் போய் இருக்க மனம் வரவில்லை. சீமைக்குத் திரும்பிய துரைசாணி ஒருவர் கொடுத்துவிட்டுப்போன ஓபோ ஒன்று கோயில் அலுமாரியில் கிடந்தது. பாடகர்களை நடத்தும் மாஸ்டர் என்னிலும் இளையவர். திருநாள் பூசைக்கு அதை ஒழுங்காக ஊதினால் மேலே இருக்கலாம், இல்லாவிட்டால் கீழேதான் என்றார்.

கடையில்

சீவாளி என்பது இரண்டு மெல்லிய நாணல் தகடுகளை நூலால் சேர்த்துக் கட்டியது. பம்பலப்பிட்டியில் வாத்தியச் சாமான் விற்கும் முஸ்லிம் கடைக்கார நானா ஒரு பெட்டி நிறைய எடுத்து வைத்தார். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. வாயில் வைத்துப் பார்க்கலாம் என்றார். இதில் யார் யார் எச்சில் பட்டதோ என்று எனக்கு அருவருப்பு. என் எச்சில் பட்டதை மற்றவர்கள் எப்படி வாங்குவார்கள் என்று கூச்சம். அதனால் சந்தையில் செய்வது போல ஒன்றை எடுத்து, பெருவிரலால் நுனியை வளைத்துப் பார்த்தேன். டக்கென்று ஒடிந்தது. கடையில் நின்ற இரண்டு பறங்கிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானா கோபிக்கவில்லை, அதுதான் பெரிய அவமானம். துண்டைப் பொறுக்கியபடி சொன்னார்: “முத்தலா பிஞ்சா பாக்க இது வெண்டிக்கா இல்லியே, அக்கா.”

தடிப்பானது

ஒடிந்த பயத்தில், இருந்தவற்றிலேயே தடிப்பானதைக் கேட்டு வாங்கினேன். தாச்சிச் சட்டியானாலும் கதிரையானாலும் தடிப்பானதுதானே நெடுநாள் உழைக்கும்? மூச்சைப் பிடித்து ஊதினால் வெறும் காற்றுத்தான் வந்தது. கொஞ்ச நாளில் உதடு மரத்து, கதைக்கவும் முடியாமல் போனது. என் கணவர் துறைமுகத்தில் கிளாக்கர். அவர் பிந்தி வந்தாலும், ஈரக் குடையைக் கட்டிலில் வைத்தாலும் ஒரு சொல் சொல்ல என்னால் முடியவில்லை. இந்தச் சீவாளியை மாற்றப் போகிறேன் என்று கையால் காட்டினேன். அவர் பேப்பரை இறக்காமலே சொன்னார்: “மாத்தத்தான் போறீர் எண்டால், இதிலும் தடிப்பானது இருக்கோ எண்டு கேட்டுப் பாரும்.”

ஈரம்

அடுத்ததாக வாங்கிய மெல்லியது சத்தம் போட்டது. ஆனால் ஊதுமுன் அதை நனைக்க வேண்டும். ஒரு ஞாயிறு தண்ணீர் கொண்டுபோக மறந்துவிட்டேன். நற்கருணை எடுக்குமட்டும் பச்சைத் தண்ணீரும் குடிக்கக் கூடாதாகையால் நாக்கிலும் ஈரமில்லை. மேலே மாஸ்டர் கூப்பிடுகிறார். வாசலில் தீர்த்தத் தொட்டி நிறைந்திருந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, சீவாளியை அதில் தோய்த்தேன். திரும்பினால் பின்னால் பங்குச் சுவாமி நின்றார். அந்த இடத்திலேயே முழந்தாளிட்டுவிடலாமா என்றிருந்தது. சுவாமி தொட்டியைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “தண்ணியிலை தோய்ச்சாச்சு, பிள்ளை. இனி ஒரு பேரும் வைக்கவேணுமே.”

திருநாள்

பிறகு வாங்கிய ஒன்று பொன் நிறமாக, பார்க்கவே அழகாக இருந்தது. அதைத் திருநாளுக்கென்று வீட்டு அலுமாரியில், கூறைச்சேலை மடிப்பில், பூச்சி உருண்டைகளுக்கு நடுவில் வைத்தேன். ஒரு தரமும் ஊதவில்லை. நல்ல நாளுக்கு எடுத்து வைத்ததை நடுவில் யார் தொடுவார்கள்? ஊத ஊதத்தான் சீவாளி இளகும் என்பது எனக்குத் தெரியாது.

திருநாளன்று கோயில் நிறைந்திருந்தது. மற்றவர்கள் சுருதி சேர்க்க ஓபோதான் முதலில் ஊத வேண்டும். ஊதினேன். வாய் முழுக்கப் பூச்சி உருண்டை. வந்த சத்தமோ, கால் மிதிபட்ட வாத்தினுடையது. கீழே எல்லாத் தலைகளும் அண்ணாந்தன. என் கணவர் மட்டும் செபப் புத்தகத்தில் கண்ணாக இருந்தார். தீர்த்தத்தில் தோய்ந்த அந்தப் பழைய, கறுத்த சீவாளியை எடுத்துச் செருகினேன். அது பாடியது. அழகாக என்று சொல்ல மாட்டேன்; பிழையில்லாமல் பாடியது.

பூசை முடிந்ததும் ஓபோவைக் கழற்றி, முகத்தைப் பார்க்காமல் மாஸ்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “வியாழக்கிழமை பயிற்சி, அக்கா. அந்த ஊத்தைச் சீவாளியையே கொண்டு வாங்கோ. மற்றதிலை அலுமாரி மணக்குது.”

இப்போது சீவாளியை ஒடிப்பதில்லை. சந்தையில் வெண்டிக்காயைத்தான், பழக்கத்தில், வாயில் வைத்து நனைக்கப் போய்விடுகிறேன்.