பத்மாவின் பெயரில் நான் செய்தது

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பத்மாவைப் பற்றி எழுத அவளோடு பிறந்தவர்கள் இருக்கிறார்கள், கிள்ளானில் அவளோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் அவளோடு வேலை பார்த்தவள் மட்டுமே. நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குக் குரல் வராது. பதினாறாம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று அவளுடைய அண்ணன் கேட்டபோது, முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவளுடைய அம்மாவிடம் நான் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நேரில் கேட்கத் துணிவில்லாமல்தான் எழுதுகிறேன்.

செய்தி சொன்னதும் அந்த அண்ணன்தான். அலுவலகத் தொலைபேசியில், "டிங்கிக் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தோம்மா. இன்னிக்குக் காலையில பத்மா தவறிட்டா" என்றார். "எந்த பத்மா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பத்மா ஒருத்திதான். அவர் கோபப்படாமல் அவளுடைய முழுப் பெயரையும் சொன்னார்.

பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். அங்கிருந்த நாற்பது கணினிகளுக்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. காலையில் அவற்றைத் திறந்தால், உயிர் பெறுவதற்கான கோப்புகளைக் கேபிள் வழியாக ஒரே சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கோப்புகள் இருந்த டைரக்டரிக்குப் பத்மாதான் உரிமையாளர். எல்லாரும் படிக்கலாம், அவள் மட்டுமே மாற்றலாம் என்று அனுமதி வைத்திருந்தாள். அது ஏன் என்று கேட்ட தட்டச்சுப் பெண்களிடம், "கோயில்ல சாமிய எல்லாரும் பாக்கலாம். ஐயர் மட்டும்தான் உள்ள போவாரு. இங்க நான்தான் ஐயரு" என்றாள். அன்று முழுவதும் அவளை ஐயர் என்றே கூப்பிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனாலேயே தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டேன். டிப்ளோமா மட்டும் படித்த பத்மா எல்லாரிடமும் எல்லாவற்றையும் கேட்பாள். "ஏய் கிராஜுவேட், வாயத் தொறந்து கேளுலா, காசா பணமா" என்று என் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து முட்டையை எடுத்துக்கொள்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பத்மா மூன்றாம் மாடியில் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தாள். கிடங்குப் பிரிவில் புதிதாக வைத்த கணினி எழவில்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தன் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்திருந்தாள். அவள் பெயரில் சர்வருக்குள் போனேன். அந்தக் கணினிக்காகப் புதிதாக வைத்த ஒரு கோப்புக்கு மட்டும் படிக்கும் அனுமதி விட்டுப்போயிருந்தது; அதைத் திறந்துவிட்டிருந்தால் போதும். மாடிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள். கிடங்குக்காரர் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டைரக்டரி முழுவதையும் எல்லாரும் மாற்றலாம், அழிக்கலாம் என்று திறந்துவிட்டேன். கணினி எழுந்தது. அப்புறம் பூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலைக்கு வந்த குமாஸ்தா ஒருவர் சர்வரில் இடம் போதவில்லை என்று, தனக்குப் புரியாத கோப்புகளை அழித்துவிட்டார். திங்கட்கிழமை காலை நாற்பது திரைகளும் கறுப்பாக நின்றன. டெலிவரிச் சீட்டு இல்லாமல் லோரிகள் சாயங்காலம் வரை வாசலில் கிடந்தன. மேலாளர் வந்து, யார் திறந்துவிட்டது என்று கேட்டார். சர்வரின் பதிவில் பத்மாவின் பெயர் இருந்தது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நான்தான் சார். அவசரத்துல எல்லாத்தையும் தொறந்து விட்டுட்டேன்" என்றாள்.

பிறகு படிக்கட்டில் என்னிடம், "நீ வாயத் தொறந்தா அழுதுருவே. எனக்குன்னா திட்டோட போயிரும், விடுலா" என்றாள்.

திட்டோடு போகவில்லை. அவளுடைய வேலையை நிரந்தரமாக்கவில்லை. தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த தொழிற்சாலைக்கு, கிடங்குச் சீட்டுகளைத் தட்டச்சு செய்ய அனுப்பினார்கள். அவளுடைய இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். டைரக்டரியின் உரிமையாளராக இருந்த அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னார்கள். போட்டேன். ஒரு வரிக் கட்டளைதான்.

அதற்குப் பிறகும் அவள் போன் செய்வாள். "ஐயரம்மா, கதவு பூட்டியிருக்கா?" என்பாள். பூட்டியிருக்கிறது என்பேன். ஒவ்வொரு முறையும் போனை வைத்துவிட்டு, நாளைக்கு மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். ஒன்றரை வருடம் அப்படி நினைத்துக்கொண்டே இருந்தேன்.

சர்வரின் பக்கவாட்டில் அவள் ஒட்டிய சீட்டு இன்னும் இருக்கிறது: 'வீட்டுக்குப் போகுமுன் ஒருமுறை பார்.' தினமும் பார்க்கிறேன். யார் படிக்கலாம், யார் மாற்றலாம், யார் உரிமையாளர் என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுத்தான் பிரிக்பீல்ட்ஸ் பஸ்ஸுக்குப் போகிறேன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

அம்மா, இறுதிச் சடங்கன்று நான் உங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவரிடம் நீங்கள், "நல்ல வேலையிலதான் இருந்தா. ஏதோ தப்புப் பண்ணிட்டா, அதான் மாத்திட்டாங்க" என்றீர்கள். உங்களிடம்கூட அவள் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என்னை மன்னிக்கும்படி உங்களிடம் கேட்கவில்லை. இனி யாராவது பத்மாவின் வேலையைப் பற்றிக் கேட்டால், அவள் தப்புப் பண்ணவில்லை, கூட வேலை பார்த்த தமயந்திதான் பண்ணினாள் என்று என் பெயரைச் சொல்லுங்கள்.