நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

தொலைநோக்கிக்குள்ளே நட்சத்திரத்தின் வெளிச்சத்தை மறைத்து, பக்கத்தில் இருக்கும் கிரகத்தைக் காட்டுகிற கண்ணாடிகளை வடிவமைப்பது என் தொழில். என்ன வேலை என்று கேட்டால் பதில் சொல்லத் திணறுகிறவரா நீங்களும்? வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

பீரோ கண்ணாடி

வாரத்துக்கு ஒருநாள் சென்னை ஆய்வகம், மற்ற நாளெல்லாம் லைட்ஹவுஸ் குப்பத்தில் வீட்டு மாடி. எதிர்வீட்டு செல்வியக்கா ஒருநாள் வந்து, பீரோ கண்ணாடி விரிசல் விட்டிருக்கு, மாத்திக் குடு என்று நின்றார். நான் செய்வது அது இல்லை, முகம் பார்க்க உதவாது, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலும் கெட்டுப்போகும் என்று அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"மூஞ்சி பாக்க உதவாதத கண்ணாடின்னு சொல்லி சம்பளம் வேற வாங்கிறியா?"

முறை

எங்கள் குப்பத்தை ஒட்டிய ஏரியில் யார் எந்த நாளில் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு, பாடு என்பார்கள். ஆய்வகத்தில் கண்ணாடியைச் சோதிக்கும் மேசையும் அப்படித்தான். முறையை விட்டால் ஒரு வருஷம் காத்திருக்கணும். என் முறைக்கு முந்தின வாரம், தேய்த்து வந்த கண்ணாடியின் அளவுகளைக் கணினியில் போட்டு, நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நானே ஒரு பொய்க் கிரகத்தை வைத்து, தெரிகிறதா என்று பார்த்தேன். பளிச்சென்று ஒரு புள்ளி!

சந்தோஷம் தாங்காமல் என் மனைவி கலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். சாயங்காலத்துக்குள் மீன் ஏலம் விடுகிற இடம் வரைக்கும் சேதி போய்விட்டது. செல்வியக்கா ஒரு கூடை இறால் கொண்டுவந்து வைத்தார்.

"கெரகம் கெடச்சிட்சாமே, இந்தா துன்னு."

அதே புள்ளி

மறுநாள் பொய்க் கிரகத்தை எடுத்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். புள்ளி அங்கேயே உட்கார்ந்திருந்தது. நட்சத்திரத்துக்கு எதிர்ப்பக்கம் அதற்கு ஜோடி வேறு. தேய்த்த தடம் கண்ணாடியில் மெல்லிய அலையாக நின்றுவிட்டால் வெளிச்சம் இப்படித்தான் ஜோடியாகக் கசியும். அந்த அளவு அலை இருக்கலாம் என்று தேய்ப்பவர்களுக்கு எழுதிக்கொடுத்தவன் நான்தான்.

சொன்னால் கண்ணாடியைத் திரும்பத் தேய்க்கணும், முறை போகும். சொல்லாவிட்டால் இந்தக் கண்ணாடியை வைத்து யாரோ இல்லாத கிரகத்தைக் கண்டுபிடிப்பார்கள். கலாவிடம் சொன்னேன்.

"அப்போ நேத்து துன்ன எறாலுக்கு இன்னா பதில் சொல்றது?"

கூட்டம்

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் படங்களைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள். குழுத் தலைவி மேடம் பேனாவையே திறந்துவிட்டார். அப்போதுதான் அலையைப் பற்றிச் சொன்னேன். முறை வேறு குழுவுக்குப் போனது. எனக்கு அழுகை வந்தது, தண்ணீர் குடித்துச் சமாளித்தேன். வெளியே வரும்போது மேடம் சொன்னார்:

"நீங்க வாயைத் திறக்கலைன்னா நான் இன்னிக்கே கையெழுத்து போட்டிருப்பேன்."

ஆக, கிரகம் தேடுகிற தொழிலில் ரெண்டு வருஷம் உழைத்து நான் உருப்படியாகக் கண்டுபிடித்தது என் தப்பு ஒன்றைத்தான்.