தலைவர்கள் கழுவிய தண்ணீர்த் தொட்டி

2025 மார்ச் 8, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மழை பெய்து நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. காய்கறிப் பையோடு நான் திரும்பி வரும்போது, பத்துபஸ்தியில் எங்கள் சந்தின் சாக்கடையில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், என் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது. பெயர் எதுவானாலும் கோடையில் எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் மூன்று நாளுக்கு ஒரு முறைதான். அப்படிப்பட்ட ஊரில் எந்த மடையன் இப்படித் திறந்து விட்டிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே அந்த ஓட்டத்தைப் பின்பற்றி நடந்தேன். அது என் வீட்டு வாசலில் போய் நின்றது.

அன்று மதியம் ஒன்று இருபது விமானத்தில் என் மனைவி சென்னையிலிருந்து வருகிறாள். வயிற்றில் அறுவை சிகிச்சை முடிந்து, பதினெட்டு நாள் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருகிறாள். தையல் முழுதாக ஆறும்வரை சுத்தம் முக்கியம், தண்ணீருக்குக் குறை வைக்காதீர்கள் என்று மகள் போனில் மூன்று தடவை சொல்லியிருந்தாள். அதற்காகவே மொட்டை மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை நிரப்பி, வால்வை மூடி, பத்து நாளாகச் சொட்டுத் தண்ணீர் எடுக்காமல் வைத்திருந்தேன். புழக்கத்துக்கெல்லாம் கீழே இருந்த டிரம்தான்.

மாடி அறைகளில் விருந்தாளிகள் இருந்தார்கள். பல நாடுகளில் கிளை உள்ள ஒரு கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் உலகத் தலைவியும் பொதுச் செயலாளரும். நான் திருநீறு பூசுகிற ஆள். எனக்கும் அந்தச் சங்கத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் இங்குள்ள கிளையை நடத்துவது என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்தவரின் மகள். பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரியில் வந்து போகிற பள்ளி ஆசிரியை. தலைவர்கள் ஹோட்டலில் தங்குவதில்லையாம், வீட்டில்தான் தங்குவார்களாம், உங்கள் வீடு ஏர்போர்ட் பக்கம் இருக்கிறதே அங்கிள் என்றாள். தட்ட முடியவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதைப் போலீசுக்குச் சொல்லியாயிற்றா என்று மட்டும் நான்கு முறை கேட்டேன்.

தலைவிக்கு ஐம்பது வயதிருக்கும். பசிபிக் கடலில் நம் கார் நிக்கோபாரை விடச் சிறிய ஒரு தீவைச் சேர்ந்தவர், கனத்த உடம்பு. செயலாளர் நார்வேக்காரர், ஆறரை அடி உயரம், என் வீட்டு நிலைப்படியில் இரண்டு நாளில் ஐந்து முறை தலையை இடித்துக்கொண்டார். ஆளுக்கு ஒரு பக்கெட் மேலே அனுப்பிவிட்டு, குளிக்கும்போது எத்தனை குவளை விழுகிறது என்று கீழே இருந்து எண்ணினேன். தலைவி ஒன்பது குவளையில் முடித்துவிட்டு மீதியில் துணியும் அலசினார். அன்றே அவர் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. செயலாளர் இருபதோடு பக்கெட்டைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்.

வாசலில் ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் ஏறக் கூடாத வேகத்தில் மொட்டை மாடிக்கு ஏறினேன். செயலாளர் அரைக்கால் சட்டையோடு தொட்டிக்குள் தலையை விட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். அடியில் இருந்த வால்வு திறந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் திருடும்போது பிடிபட்டவர் போல் முகம் சிவந்து சிரித்தார்.

அவர்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. தலைவராக இருப்பவர் தங்கும் வீட்டில் தினம் ஒரு வேலை செய்ய வேண்டும். செய்வதை வீட்டுக்காரரிடம் சொல்லக் கூடாது. முந்தின நாள் என் கேட் திடீரென்று சத்தம் போடாமல் திறந்ததன் ரகசியம் அப்போதுதான் விளங்கியது. துணி உலர்த்த வந்த இடத்தில் தொட்டி மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். அடியில் நான்கு விரல் சேறு. நோயாளி வரும் வீட்டில் இப்படியா என்று மனம் கேட்காமல், நான் சந்தைக்குப் போன நேரம் பார்த்துத் திறந்து விட்டுவிட்டார். அவர் ஊரில் குழாயைத் திருகினால் அருவி கொட்டுமாம்.

நான் கத்தினேன். ஆங்கிலத்தில் தொடங்கியது தமிழில் முடிந்தது. அவருக்குச் சொல் புரியவில்லை, விஷயம் புரிந்தது. நாளை சாயங்காலம்தான் குழாய் திறப்பார்கள். டிரம்மில் இரண்டு பக்கெட் தேறும். லாரித் தண்ணீருக்குப் போன் செய்தால், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றான். மணி ஒன்பதரை. தையல் போட்ட வயிற்றோடு வருபவளுக்குக் கை கழுவக்கூடக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தலைவி மேலே வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு மட்டும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எத்தனை லிட்டர், எத்தனை நாள் சேர்த்தது என்று கேட்டார். சொன்னேன். தன் தீவிலும் மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்க வேண்டும், தன் அப்பா இரவில் தொட்டியைத் தட்டித் தட்டிச் சத்தத்தை வைத்து அளவு பார்ப்பார் என்றார். தொட்டி காலியானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம், வேறென்ன என்றார்.

இருபத்திரண்டு வருடமாக இந்தச் சந்தில் யார் வீட்டிலும் நான் ஒரு தீப்பெட்டி கேட்டதில்லை என்று சொன்னேன். அவர் எழுந்து, அப்படியானால் எந்த வீடு முதலில் என்று கேட்டார்.

தலைவர்களைச் சங்கக் கூட்டத்துக்கு அழைத்துப்போக வந்திருந்த டீச்சர் போனில் கூட்டத்தைச் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போட்டாள். நாங்கள் நால்வரும் சந்தில் இறங்கினோம். எதிர்வீடு ஓய்வுபெற்ற கப்பல்காரர், வங்காளி; வங்காளியில் அண்ணனைத் தாதா என்பார்கள், சந்தில் எல்லோருக்கும் அவர் தாதாதான். அவர் குழாயில் மோட்டர் வைத்துத் தண்ணீரை இழுக்கிறார் என்று முனிசிபாலிட்டியில் புகார் கொடுத்தது நான்தான். அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் தலைவி கதவைத் தட்டிவிட்டார்.

டீச்சர் இந்தியில் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என் மோட்டர் மேல கம்ப்ளைன்ட் கொடுத்தது நீங்கதானே?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அதே மோட்டர் இழுத்த தண்ணிதான் உள்ளே இருக்கு. உங்களுக்குப் பரவாயில்லைன்னா எடுத்துக்கோங்க."

இப்படி இந்தியில் சொல்லிவிட்டு அவரே நான்கு பக்கெட் நிறைத்து வெளியே வைத்தார். நான்காவதை வைக்கும்போது, "இதையும் எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டார். டீச்சர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வீடு, இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் வேலை பார்த்த குடும்பம். அந்த அம்மாள் விசாரிக்கக்கூட இல்லை. "ஐயா வூட்டம்மா வாறாங்களா? கொடத்தோடயே தூக்கிட்டுப் போங்க. கொடத்தைப் பொறவு கொண்டாந்தா போதும்" என்றார். தெலுங்குக்காரர் வீடு, மலையாளி வீடு, ராஞ்சிக்காரர் வீடு, பெயரே தெரியாத இரண்டு வீடு. யாரும் இல்லை என்று சொல்லவில்லை. தலைவி குடத்தை இடுப்பில் வைத்துச் சொட்டுச் சிந்தாமல் நடந்தார். செயலாளர் இரு கையிலும் பக்கெட்டைத் தூக்கி நடந்த வழியெல்லாம் கோலம் போட்டது போல் ஈரம். மாடிக்கு அவர் மட்டும் பத்தொன்பது தடவை ஏறினார். நடுவில் ஒரு முறை நின்று, என்னை மன்னிப்பீர்களா என்று கேட்டார். முதலில் தூக்குங்கள் என்றேன்.

தலைவி அவரிடம் வேடிக்கையாகச் சொன்னது காதில் விழுந்தது. சொல்லாமல் செய்யலாம், கேட்காமல் செய்யாதே.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொட்டி முக்கால் பங்கு நிறைந்துவிட்டது. அதுவும் சேறில்லாத தொட்டி. விமானம் பதினோரு நிமிடம் தாமதம்.

மனைவியிடம் எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவள் கேட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டாள். வாசலில் பச்சை, நீலம், சிவப்பு என்று ஏழு வீட்டுப் பக்கெட்டுகளும் ஒரு பித்தளைக் குடமும்.

"என்னங்க, இந்தப் பச்சை பக்கெட்டு தாதா வீட்டுது இல்ல? நீங்களா போய் வாங்கினீங்க?"

"நான் மட்டும் போகலை."

நடந்ததைச் சொன்னேன். பக்கத்தில் செயலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு பள்ளிப் பையன் போல் நின்றார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும், சிரிக்க வைக்காதீங்க. தையல் பிரிஞ்சிடும்."

அன்று மாலைக்குள் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் அவளைப் பார்க்க வந்தார்கள். உட்கார நாற்காலி போதாமல் தாதா தன் வீட்டிலிருந்தே ஒன்று தூக்கி வந்தார். தலைவர்கள் இருவரும் செவ்வாய்க்கிழமை புறப்படும்வரை மாடியில் இருந்தார்கள். விமான நிலைய வாசலில் செயலாளர் குனிந்து என்னை அணைத்துக்கொண்டார். நானும் தடுக்கவில்லை.

அவர்கள் போன பிறகு பாத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். கொடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே அனுப்புவதாவது என்று மனைவி தடுத்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் ஒரு சீப்பு வாழைப்பழம், தாதாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு டப்பா இனிப்பு. இருபத்திரண்டு வருடம் குடியிருந்த சந்தில் எனக்கென்று ஏழு வீடுகள் கிடைத்ததற்கு நான் செய்த செலவு, இன்று நினைத்தாலும் குறைவாகத்தான் படுகிறது: எழுநூற்று அறுபது ரூபாய்.