வாசலில் மாமாவின் சப்பாத்து

சிவரூபினி லண்டன் வால்தம்ஸ்டோ வீட்டை விட்டுப் போனது ஒரு வியாழக்கிழமை. குப்பை வண்டி வரும் நாள். தெரு நெடுகக் குப்பைத் தொட்டிகள் வாய் பிளந்து நிற்க, அவற்றுக்கு நடுவே பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் பஸ் தரிப்பு வரை நடந்தாள். கலாவதி முன்னறைத் திரைச்சீலையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தாள். அவள் பார்க்கவில்லை. அதுவும் கலாவதிக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. மனதில் ஒன்றும் இல்லாதவள் ஒருதரமாவது திரும்பியிருப்பாள்.

பிறகு வாசலுக்கு வந்து சப்பாத்தைப் பார்த்தாள். ஆண்கள் போடுகிற கறுப்புச் சப்பாத்து, நாடா கட்டுகிறது. இடது கால் சப்பாத்து கொஞ்சம் விலகிக் கிடந்தது. போகிற போக்கிலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

அந்தச் சப்பாத்து கலாவதியின் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவுடையது என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் நினைத்தார்கள். அவருக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பகலில் மேலறையில் நித்திரை. சனி ஞாயிறும் வேலை. கலாவதி அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் மனுசன் கார்டிஃப்பில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய் வருடங்கள் ஆகிவிட்டன. போகும்போது தன் சப்பாத்து எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டார். வாசலில் இருந்தது கலாவதி சந்தையில் வாங்கி வைத்தது.

வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு காரணமும் இருந்தது. கலாவதி பகலில் சூப்பர்மார்க்கெட்டில் காசாளர். ஆனால் வால்தம்ஸ்டோவிலிருந்து எட்மண்டன் வரை நம்மவர்கள் மத்தியில் அவளுக்கு வேறொரு இடம் இருந்தது. சாமத்தியச் சடங்கோ கலியாணமோ, ஆலாத்தி எடுக்க முதலில் கூப்பிடுவது அவளைத்தான். உயரமானவள், கை நடுங்காது, தட்டு சுற்றும்போது திரி அணையாது. வீடியோக்காரர்களே அவளைத் தேடுவார்கள். ஆலாத்தி எடுக்கக் கட்டுக்கழுத்தி வேண்டும், புருசனோடு வாழ்கிறவள் வேண்டும். விஷயம் வெளியே போனால் ஒருவரும் சண்டைக்கு வரப்போவதில்லை. கூப்பிட மறந்துபோவார்கள், அவ்வளவுதான். கலாவதி பயந்தது அந்த மறதிக்கு.

இந்த வீட்டுக்குத்தான் சிவரூபினி வந்து சேர்ந்தாள். கலாவதியின் ஒன்றுவிட்ட அண்ணன் புவனேசனின் மகள். மெல்பேர்னில் டாண்டினோங்கில் பிறந்து வளர்ந்தவள். பார்மசி படித்தாள், இரண்டு வருடம் வேலையும் செய்தாள். ஒரு டிசம்பரில் வேலையிடத்து நத்தார் விருந்தில் மேலாளரைப் போலப் பேசிக் காட்டப்போய், மேலாளரே கண்ணில் தண்ணி வரச் சிரித்துவிட்டார். அதோடு ஆட்களைச் சிரிக்க வைக்கிற பித்துப் பிடித்தது. மாலையில் மதுச்சாலை மேடைகள், பிறகு ஒரு ஆஸ்பத்திரித் தொடரில் தாதி வேடம், அதற்குப் பிறகு இன்னொரு தொடரிலும் தாதி வேடம். தாதி இல்லையென்றால் கடைக்காரி. இதையே எத்தனை நாளைக்கு என்று, இளையோருக்கான வேலை விசா எடுத்துக்கொண்டு லண்டனுக்கு வந்துவிட்டாள். புவனேசன் தொலைபேசியில் சொன்னது ஒன்றுதான்: "பிள்ளை பகிடி விட வாறாள். கொஞ்சம் பாத்துக்கொள் கலா."

கலாவதி பார்த்துக்கொண்டாள். அதைவிட வேறு வேலை செய்யவில்லை என்றே சொல்லலாம்.

பெண் பகலில் ஒரு மருந்துக்கடையில் நின்றாள். மாலையில் மதுச்சாலைகளின் மேல்மாடிகளுக்குப் போனாள். பத்துப் பேர் இருக்கிற அறையில், அதிலும் ஆறு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருக்கிற பகிடிக்காரர்கள், ஐந்து நிமிடம் பேசிவிட்டு வருவாள். வீட்டில் சத்தம் போடமாட்டாள், சமைத்ததைச் சாப்பிடுவாள், கோப்பை கழுவுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் கலாவதிக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு அமைதியாக இருக்கிற பெண் மேடையில் என்னத்தைப் பேசுகிறாள்?

வந்த முதல் மாதமே அது நடந்தது. நல்ல மழை. குப்பைத் தொட்டியை வெளியே தள்ளவேண்டும். தன் சப்பாத்து நனையக்கூடாதென்று சிவரூபினி வாசலில் கிடந்த மாமாவின் சப்பாத்துக்குள் காலை விட்டாள். விரல் உள்ளே போகவில்லை. கையை விட்டுப் பார்த்தால், கடையில் சுருட்டி அடைத்த கடதாசி அப்படியே இருந்தது. அவள் கடதாசியை எடுத்தாள், தொட்டியைத் தள்ளிவிட்டு வந்தாள், கடதாசியைத் திரும்ப அடைத்தாள், சப்பாத்தை இருந்த இடத்தில் வைத்தாள். கலாவதி குசினிக் கதவிடையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு போய்ச் சப்பாத்தைப் புரட்டினாள். அடி நனைந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து முதல்முறை நனைகிறது.

அடியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள்.

ஆனால் அடுத்த நாளிலிருந்து சப்பாத்து இடம் மாறத் தொடங்கியது. ஒருநாள் நுனி சுவரைப் பார்த்திருக்கும், ஒருநாள் தெருவைப் பார்த்திருக்கும். ஒருநாள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. மழை நாட்களில் அடியில் சேறு. கலாவதி துடைத்து நேராக வைப்பாள், விடிய எழும்பி வந்தால் திரும்பவும் கோணலாகக் கிடக்கும். என்னை வைத்து விளையாடுகிறாள், எனக்குத் தெரியும் என்று சப்பாத்தாலே சொல்லிக் காட்டுகிறாள் என்று கலாவதி மனதுக்குள் கறுவினாள்.

அதைவிட மோசம் குளியலறை. சிவரூபினி கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பழகுவாள். முதலில் ஆங்கிலத்தில் ஏதோ ஓடும். திடீரென்று கதவுக்குப் பின்னாலிருந்து கலாவதியின் குரலே வரும்: "தேத்தண்ணி ஆறப்போகுது, எழும்பி வாங்கோவனப்பா." இந்தப் பக்கம் துவாயோடு நின்ற கலாவதி கதவுக்குக் கிட்டப் போனாள். புருசனை எழுப்புகிற குரல். அந்தக் குரலில் அவள் பேசி எவ்வளவு காலம். இந்தப் பெண் அதை ஒருநாளும் கேட்டதில்லை.

"ஆரோட பிள்ளை கதைக்கிறாய்?"

"ஒருத்தரோடையும் இல்லை மாமி. வேலை."

"இதுவும் ஒரு வேலையோ?"

"சம்பளம் குறைவு. ஆனா தாதி உடுப்புப் போடத் தேவையில்லை."

கலாவதிக்குச் சிரிப்பு வந்தது. அதை விழுங்கினாள். சிரிக்க வைத்துத்தான் ஆட்களை மடக்குகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டாவது குளிர்காலத்தில் சிவரூபினியின் பேச்சு ஒன்று கைத்தொலைபேசிகளில் பரவியது. ஹரோவில் ஒரு மண்டபத்தில் தமிழ் ஆட்களுக்கு முன்னால் பேசியதாம். கோயில் தோழி குணவதி அதை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கலாவதி திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கோயிலில் குணவதியே வந்து கையைப் பிடித்தாள்.

"கலாக்கா, உங்கட வீட்டுச் சப்பாத்துக் கதையைக் கேட்டுச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகுது. ஸ்ரீ அண்ணையைக் கேட்டனெண்டு கட்டாயம் சொல்லுங்கோ, என்ன."

அந்தச் சிரிப்பைக் கலாவதி நுணுகிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மாலினியும் வாயைப் பொத்தினாள். பிரசாதம் கொடுத்த ஐயர்கூட, "அவர் சுகமா இருக்கிறாரோ?" என்று கேட்டார். இதுவரை கேட்காத ஐயர். கேட்பவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, முகத்துக்கு நேரே குத்துகிறார்கள். வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று கலாவதிக்கு நினைவில்லை.

அடுத்த நாள் சிவரூபினி மருந்துக்கடையால் வந்ததும் குசினியில் வைத்துக் கேட்டாள்.

"என்ர வாசலை வித்துத்தான் நீ சாப்பிடோணுமோ?"

"மாமி, நீங்கள் அதைப் பாத்தனீங்களோ?"

"பாக்கத் தேவையில்லை. ஊர் பாத்திட்டுது."

"ஒருக்காப் பாத்திட்டு ஏசுங்கோ."

"சப்பாத்தைப் பற்றிச் சொன்னனியோ இல்லையோ?"

"சொன்னனான். ஆனா மாமி, மாமா வந்து…" என்று தொடங்கி அவள் நிறுத்தினாள். அந்த வீட்டில் அந்த வசனத்தை முடிப்பதற்கு ஒரு வழியும் இல்லை. மாமா இங்கே இல்லை என்று வாயால் சொன்னால், அவ்வளவு நாளும் சொல்லாமல் காத்தது வீண். அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு வெளிக்கிடு," என்றாள் கலாவதி.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அதற்குப் பிறகு கலாவதி கோயிலுக்குப் போவதைக் குறைத்தாள். வெளியிலிருந்து அழைப்பு வராது என்று தீர்மானித்து, ஆலாத்தித் தட்டை அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவைத்தாள். சப்பாத்து மட்டும் வாசலில் கிடந்தது. இனி யாரை ஏமாற்ற என்று நினைத்தாலும் எடுக்க மனம் வரவில்லை. யாரும் தொடாததால் அது நேராக, தூசி படிந்து, கடைச் சப்பாத்து மாதிரியே இருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இத்தனை வருடமும் அது அப்படித்தான் இருந்திருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பார்வை போதுமாயிருந்திருக்கும்.

வசந்தம் தொடங்க குணவதியும் அவள் கணவன் லோகனும் வாசலில் வந்து நின்றார்கள். கையில் வெற்றிலைத் தட்டும் அழைப்பிதழும். வயதுக்கு வந்த மகளுக்கு எட்மண்டனில் மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு. முறையாக வீடு வந்து சோடியாகச் சொல்ல வந்திருக்கிறார்கள். உறையில் திரு. திருமதி ஸ்ரீஸ்கந்தராஜா என்று எழுதியிருந்தது. இதுவும் குத்தலோ என்று கலாவதி உறையைத் திருப்பிப் பார்த்தாள்.

லோகன் தன் சப்பாத்தைக் கழற்றினான். மாமாவின் சப்பாத்தை ஒருதரம் பார்த்தான். தன்னுடையதை அதில் முட்டாமல், தள்ளி, மரியாதையாக வைத்தான். பிறகு மேல்மாடியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணை படுத்திருக்கிறாரோ?"

கலாவதி வாயைத் திறப்பதற்குள் குணவதி அவனை இடித்தாள். "மெல்லக் கதையுங்கோ. எழும்பினா முதல்ல ரிமோட் எங்கயெண்டு கேப்பாராம். பிறகு எங்களுக்குத்தான் பேச்சு விழும்." வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "கலாக்கா, நீங்கள் மனுசனோட படுற பாட்டை இவ்வளவு நாளும் எங்களுக்குச் சொல்லேல்லைப் பாருங்கோ. நாங்கள் வேற மாதிரி நினைச்சம். அண்ணையைக் கண்ணால கண்டு கனகாலமெண்டு சிலபேர் கண்டபடி கதைச்சவை. இப்ப வாயை மூடிட்டினம். நீங்கள்தான் முதல் ஆலாத்தி, சொல்லிப்போட்டன்."

அவர்கள் நுனிக்காலில் நடந்து வெளியேறினார்கள்.

கலாவதி சோபாவில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்தாள். குணவதி அனுப்பிய வீடியோ இன்னும் அங்கேயே கிடந்தது. திறந்தாள்.

மேடையில் சிவரூபினி, சாதாரணக் காற்சட்டை, முன்னால் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து. மாமா வேலையால் வந்தால் முதலில் சப்பாத்து உள்ளே வரும், பிறகு வண்டி வயிறு வரும், அதற்குப் பிறகுதான் மாமா வருவார் என்றாள். நித்திரையிலும் ரிமோட்டை விடாத மாமா. சப்பாத்தை நேராக வைக்கச் சொன்னால் வேண்டுமென்றே கோணலாக வைக்கிற மாமா. மழையில் குப்பைத் தொட்டி தள்ளிவிட்டுச் சேற்றுக் காலோடு கம்பளத்தில் நடக்கிற மாமா. இடையிடையே கலாவதியின் குரல்: "எழும்பி வாங்கோவனப்பா." மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசியில் அவள் சப்பாத்தைக் கையில் எடுத்தாள். "மாமி கும்பிட்டுக் கேட்டாலும் இந்த மனுசன் வீட்டை விட்டு ஒரு இடமும் போகமாட்டார்," என்றாள்.

கலாவதி அதைத் திரும்பவும் போட்டாள். இந்த முறை சிரிப்பை விழுங்கவில்லை.

எட்மண்டன் மண்டபத்தில் முதல் ஆலாத்தி அவள்தான் எடுத்தாள். திரி அணையவில்லை. "அண்ணை வரேல்லையோ?" என்று கேட்டவர்களுக்கு, "அவரோ, ரிமோட்டோட கிடக்கிறார்," என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து, சப்பாத்தை ஒரு தட்டுத் தட்டிக் கோணலாக்கினாள். அன்றிலிருந்து தினமும்.

சிவரூபினிக்கு எழுதவேண்டும் என்று பலமுறை கைத்தொலைபேசியை எடுத்தாள். என்ன எழுதுவது? நன்றி என்றால் எதற்கு நன்றி? கைத்தொலைபேசியைத் திரும்பக் கீழே வைத்துவிடுவாள். அதோடு பழைய சந்தேகமும் முழுதாகச் சாகவில்லை. கையில் துருப்புச் சீட்டை வைத்திருப்பவள் இன்னும் இறக்கவில்லை, அவ்வளவுதானே?

மற்றவர்கள் வாயால் செய்தி வந்துகொண்டிருந்தது. எடின்பரோ விழாவில் ஒரு மாதம் பேசினாளாம். இங்கே ஒரு தொலைக்காட்சித் தொடரில் வக்கீல் வேடமாம், தாதி இல்லை. விசா முடிந்து மெல்பேர்னுக்குத் திரும்பிவிட்டாளாம். பிறகு ஒருநாள் கோயிலில் குணவதி சொன்னாள்: "உங்கட மருமகள் அங்க சொந்தமா ஒரு தொடர் எழுதி நடிக்கிறாளாம். லண்டன் மாமியைப் பற்றி. இனி முழுக் குடும்பமும் ரீவியில."

கலாவதி மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஐந்து நிமிடப் பேச்சுக்கு ஒரு மாமாவைக் கட்டி எழுப்பலாம். ஒரு தொடர் முழுவதும் மனுசனை எங்கே ஒளித்து வைப்பாள்? கதைக்குத் திருப்பம் வேண்டும் என்பார்கள். திருப்பத்துக்கு என்ன செய்வாள் என்று கலாவதிக்குத் தெரியும். அவள் கையிலேயே இருக்கிறதே.

அந்தக் கிழமை முழுக்கக் கைத்தொலைபேசி சிணுங்கும்போதெல்லாம் திடுக்கிட்டாள். கடைசியில் அது வந்தது, மதிய இடைவேளையில், சூப்பர்மார்க்கெட்டின் ஊழியர் அறையில். அறியாத நம்பர், அவுஸ்திரேலியாவின் இலக்கம். குரல் செய்தி. அவள் கதவைச் சாத்திவிட்டுக் காதில் வைத்தாள்.

"மாமி, ரூபினி கதைக்கிறன். சுகமா இருக்கிறீங்களோ? இங்க தொடர் எடுக்கினம், மாமி வேசம் நான்தான். மாமாவுக்கு ஆளைத் தேடு எண்டு நிக்கினம். ஒருத்தரையும் போடேலாது எண்டு சொல்லிப்போட்டன். மாமா மேல படுத்திருப்பார், கீழ சப்பாத்து மட்டும் தெரியும், கடைசி வரைக்கும். அவரை வீட்டை விட்டு அனுப்பச் சொல்லி எழுத்தாக்கள் கேக்கினம். அது மாமி மட்டும் முடிவெடுக்கிற விசயம் எண்டு நான் சொன்னனான். நீங்கள் அனுப்பவேண்டாமெண்டா அவர் இருப்பார். மற்றது, சப்பாத்து வாங்கப்போயினம். கொஞ்சம் பாவிச்சதா வாங்கச் சொல்லியிருக்கிறன். சைஸ் என்ன எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."