டெட் என்று வந்த சீட்டு

லைன்மேன் வேலைக்கு ஏணி ஏறத் தெரியணும், திட்டு வாங்கத் தெரியணும், இங்கிலீஷில் 'டெட்' என்ற ஒரு வார்த்தை தெரியணும். தொண்ணூறுகளில் போன் வைத்திருந்தவர்களே, புகார் கொடுத்துவிட்டு எங்களுக்காக வாசலைப் பார்த்துக் கிடந்தவர்கள் நீங்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது?

எது டெட்?

போன் கரகரவென்று இரைந்தால் எங்கள் ஆபீசில் அது டெட் இல்லை. அடுத்தவர் பேச்சு குறுக்கே கேட்டாலும் இல்லை. காதில் வைத்தால் ஒரு சத்தமும் வரக்கூடாது, அதுதான் டெட். புகார்ச் சீட்டில் அப்படி எழுதி வந்தால் முதலில் அங்கேதான் போகணும். ஒருமுறை சீட்டு வந்து எட்டு நாள் கழித்து, கோட்டைமேட்டில் ஒரு அத்தர் கடை பாயிடம் பயந்துகொண்டே போய் நின்றேன். அவரோ சிரித்தார். "மணி அடிக்காம எட்டு நாளா நிம்மதியாச் சோறு திங்கறேனுங்க. இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வாங்களேன்!"

அடிக்காத மணி

பெரியநாயக்கன்பாளையத்தில் தனியாக இருந்த பாப்பாத்தியம்மாள் அப்படியில்லை. வாரம் தவறாமல் மளிகைக்கடை போனிலிருந்து 'டெட்' என்று புகார் கொடுப்பார். போய் எடுத்துப் பார்த்தால் டயல் டோன் கணீரென்று வரும். எனக்கு எரிச்சலான எரிச்சல்! சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகனை, "இந்த வாசப்படி மிதிக்காதே" என்று இவரே விரட்டியிருந்தார். அவன் பம்பாயில் இருந்தான். ஒரு நாளாவது கூப்பிடமாட்டானா என்று காத்திருந்தார்.

"நல்லாத்தானுங்கம்மா இருக்குது" என்றேன்.

"அப்புறம் ஏங் கண்ணு மணியே அடிக்கமாட்டேங்குது?"

மூன்று நாள்

ஒரு மழைக்காலத்தில் மறுபடி அவர் சீட்டு. 'இந்தம்மாவுக்கு வேற வேலையில்லை' என்று மற்ற சீட்டுகளின் கட்டுக்கு அடியில் செருகிப்போட்டேன். மூன்று நாள் கழித்துப் போனால், கம்பி அறுந்து தொங்குகிறது. நிஜமாகவே டெட். சத்தம் காட்டாமல் ஒட்டிவிட்டு வந்தேன்.

அதன்பிறகு இரண்டு வாரமாகச் சீட்டே வரவில்லை. மனசு கேட்காமல் நானே போனேன். ஒரு கடிதத்தை நீட்டினார். அந்த மூன்று நாளும் மகன் கூப்பிட்டிருக்கிறான். லைன் அறுந்தால் கூப்பிடுகிறவர் காதில் மணி அடித்துக்கொண்டே இருக்கும், வீட்டில் அடிக்காது. இது எங்களுக்குத் தெரியும், அவனுக்கு எப்படித் தெரியும்? 'நீ எடுக்கவே இல்லை. உன் கோபம் தீராது. இனிக் கூப்பிடமாட்டேன்' என்று எழுதியிருந்தான். பாவி, நான் செய்த வேலை! நான் சீட்டை ஒதுக்கியது அவருக்குத் தெரியாது.

"நீ என்ன கண்ணு பண்ணுவே? காப்பி குடிச்சுப்போட்டுப் போ."

பம்பாய்க்கு ஒரு போன்

காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கடிதத்தை மறுபடி பார்த்தேன். மகன் கம்பெனித் தாளில் எழுதியிருந்தான். தலைப்பில் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவே நம்பர் இருந்தது. அவர் போனிலேயே சுழற்றினேன். நாலைந்து தடவைக்குப் பிறகு கிடைத்தான்.

"லைன்மேன் பேசறேனுங்க. உங்கம்மா எடுக்காம இல்லீங்க, லைன் டெட். சீட்டு வந்தும் மூணு நாள் போகாம இருந்தது நாந்தானுங்க."

பாப்பாத்தியம்மாள் என்னையே பார்த்தபடி நின்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தப் பக்கமும் சத்தமே இல்லை. மறுபடி லைன் போய்விட்டதோ என்று வாசல் கம்பியை எட்டிப் பார்த்தேன். பிறகு அவன் குரல் உடைந்து வந்தது.

"அம்மா பக்கத்துல இருக்குதுங்களா? குடுங்க."

அதற்கப்புறம் ரிட்டயர் ஆகும்வரை 'டெட்' என்று வந்த எந்தச் சீட்டையும் நான் அடியில் செருகியதில்லை, அத்தர் கடை பாய் எவ்வளவு கெஞ்சியும்.